வலது மூலையில விழுந்த பேரு

பையை மடியிலயே வச்சுக்கறேன் தம்பி, தப்பா நினைக்காதீங்க. மேல வச்சா பிரேக் போடும்போது விழும். விழுந்தா உள்ள இருக்கிற தாள் கசங்கும். கசங்கின தாளைக் கொண்டுபோய் ஹெட் ஆபீஸ்ல நீட்ட முடியாது. நீங்க எதுவரைக்கும்? கோயம்புத்தூரா? நானும் அங்கதான். சிங்காநல்லூர்ல இறங்கி ஆட்டோ பிடிக்கணும். மூணு மணிக்கு வரச் சொல்லியிருக்காங்க.

நீங்க கம்ப்யூட்டர் வேலைதானே? தோள்பையைப் பார்த்ததுமே தெரிஞ்சுக்கிட்டேன். நல்லதாப் போச்சு. ஒண்ணு கேக்கறேன், மழுப்பாமச் சொல்லணும். எக்செல்ல மேக்ரோ எழுதுற இடம் இருக்குல்ல, அதுல எழுதினதை அச்சடிக்கணும்னா ஓரம் விடுறதுக்கு எங்கயாவது வசதி இருக்கா? இல்லேல்ல? நல்லா யோசிச்சுச் சொல்லுங்க. இல்லைதானே? அப்பாடா! பதினஞ்சு வருஷமா நான்தான் கண்ணு தெரியாமத் தேடுறேனோன்னு நினைச்சுக்கிட்டிருந்தேன்.

அந்த ஒரு வசதி மட்டும் இருந்திருந்தா நான் இன்னிக்கு இந்த பஸ்ல உக்கார்ந்திருக்க மாட்டேன். பதினாலு வருஷம் கூட உக்கார்ந்து சாப்பிட்ட பய என் கழுத்தை அறுத்திருக்க மாட்டான்.

ஆமாங்க. கழுத்தைத்தான். கூடவே இருந்து குழி பறிச்சுட்டான்.

எம்பேரு நல்லுச்சாமி. வேடசந்தூர் பக்கம் ஒரு நூல் மில்லு, அதுல டைம் ஆபீஸ் நான். டைம் ஆபீஸ்னா யாரு எந்த ஷிப்டு, யாருக்கு என்னிக்கு லீவு, எல்லாம் எங்க கையில. அறுநூத்தி நாப்பது பேரு, மூணு ஷிப்டு. சனிக்கிழமை மத்தியானம் கேட்டுல டூட்டி ஷீட் ஒட்டியாகணும். ஒட்ட லேட்டானா கேட்டுல ஒரே கூச்சல், வாட்ச்மேன் எனக்குத்தான் போன் பண்ணுவான். முன்னெல்லாம் மூணு பேரு ரெண்டு நாள் உக்கார்ந்து கையால எழுதுவோம். எழுதி முடிச்சதும் ஒருத்தி காய்ச்சல்னு வருவா, அம்புட்டும் அழிச்சு எழுதணும்.

நான் என்ன பண்ணேன்? திண்டுக்கல்ல பழைய புத்தகக் கடையில மேக்ரோ புத்தகம் ஒண்ணு வாங்கினேன். முன்னட்டை கிடையாது. எனக்கு இங்கிலீஷ் அரைகுறை. பக்கத்துக்கு நாலு வார்த்தை அகராதியில பார்த்துப் பார்த்துப் படிச்சு, ஷீட்டைத் தானாப் போடுற மேக்ரோவை நானா எழுதினேன் தம்பி. ஒரு ஊர்க்காரங்களுக்கு ஒரே ஷிப்டு, வேன் ஒரு டிரிப்புல முடியணும். கைப்பிள்ளைக்காரிக்கு நைட் ஷிப்டு கிடையாது. ரெண்டு வாரம் நைட் பார்த்தவளுக்கு மூணாவது வாரம் பகல். இம்புட்டும் அது தானா பார்த்துக்கும். ஒரு பட்டனை அமுக்கினா ஒன்பது நிமிஷம். டீ குடிச்சுட்டு வந்தா ஷீட் ரெடி.

அதுக்கு ஒரு பாஸ்வேர்டு போட்டுப் பூட்டி வச்சிருந்தேன். பதினஞ்சு வருஷம் யாருக்கும் சொன்னதில்லை. வீட்டுக்காரிக்கே தெரியாது. அவ கேட்டதும் இல்லைங்கிறது வேற விஷயம்.

எனக்கு ஒரு பழக்கம். திரையில படிச்சா மண்டையில ஏறாது. தாள்ல அடிச்சு, சிவப்புப் பேனாவால கோடு போட்டுப் படிச்சாத்தான் எங்க தப்புன்னு பிடிபடும். ஆனா மேக்ரோ எழுதுற அந்தப் பாவி எடிட்டர்ல அச்சுன்னு போனா என்ன கேக்குது? தேர்ந்தெடுத்ததை மட்டும் அடிக்கவா, இந்த ஒரு பகுதியை, அதான் மாட்யூலை, அடிக்கவா, எல்லாத்தையும் அடிக்கவா, அவ்வளவுதான். செட்டப்னு ஒரு பட்டன் இருக்கும், ஆசையா அமுக்கினா எந்தப் பிரிண்டர், என்ன தாளுன்னு கேட்டுட்டுப் போயிரும். ஓரம் எவ்வளவு? கிடையாது. அடிக்கிறதுக்கு முன்னாடி எப்படி வரும்னு பார்க்க? கிடையாது. மேல நம்ம இஷ்டத்துக்கு ஒரு தலைப்பு? அதுவும் கிடையாது. மாட்யூல் பேரையும் நம்பரையும் தானாப் போட்டுக்கும். நீ யாரு, உன் பேரு என்னன்னு அதுக்கு அக்கறையே இல்லை. நான் வேற வரியை நீளநீளமா எழுதுவேன். தாளோட வலது ஓரத்துல முட்டி, மிச்சம் அடுத்த வரியில வந்து தொங்கும். ஃபைல்ல கோக்க ஓட்டை போட்டா இடது பக்கம் முதல் எழுத்து ஓட்டைக்குள்ள போயிரும்.

நமக்குள்ள வச்சுக்கறதுன்னா பரவாயில்லை, சகிச்சுக்கிட்டேன்.

எங்க மில்லுல தாள் விஷயத்துல நான் ரொம்பக் கறார் தம்பி. ஒரு காலத்துல ஆளாளுக்குப் பிள்ளைங்க ஸ்கூல் பிராஜெக்ட், கல்யாணப் பத்திரிகை லிஸ்ட்டுன்னு அடிச்சுத் தள்ளுவாங்க. மாசக் கடைசியில பார்த்தா பேப்பரே இருக்காது. எவன் அடிச்சான்னு தெரியாது. ஒரு நாள் உக்கார்ந்தேன். ஆபீஸ்ல இருக்கிற பதினோரு மிஷின்லயும் ஒரு ஏற்பாடு பண்ணேன். வேர்டுல அடி, எக்செல் ஷீட்டை அடி, ரெண்டுல எதை அடிச்சாலும் சரி, வலது மூலையில அந்த மிஷின்காரன் பேரும் செக்ஷனும் தானா விழும். எவன் அச்சடிச்சானோ அவன் பேரு. அழிக்க முடியாது, அழிச்சா எனக்குத் தெரிஞ்சுரும். அன்னியோட கல்யாணப் பத்திரிகை நின்னுச்சு! பழைய ஜி.எம். என்னைக் கூப்பிட்டுக் கை கொடுத்தாரு. என் ஐடியாதான் அது, இன்னிவரைக்கும் ஓடுது.

பாருங்க, போன். அவன்தான். காலையில இருந்து ரெண்டாவது தடவை. அடிக்கட்டும். அடிச்சு ஓயட்டும்.

யாருன்னா சூசைமாணிக்கம். ஸ்டோர்ஸ்ல கிளார்க்கு. என் மேசைக்கும் அவன் மேசைக்கும் நடுவுல ஒரு பீரோதான். பதினாலு வருஷம் ஒண்ணாத்தான் சாப்பிடுவோம். அவன் வீட்டுக் கருவாட்டுக் குழம்பு எனக்கு, என் வீட்டுத் தயிர்ச்சோறு அவனுக்கு. வாயில விரலை வச்சாக் கடிக்கத் தெரியாதவன் மாதிரி இருப்பான். எல்லாத்துக்கும் அண்ணே, அண்ணே. அண்ணே பேனா, அண்ணே தண்ணி. அந்த அண்ணேலதான் நான் ஏமாந்தேன்.

மூணு மாசத்துக்கு முன்னாடி புது ஜி.எம். வந்தாரு. கோயம்புத்தூர்க்காரரு. என் ஷீட்டைப் பார்த்துட்டு ஆடிப் போயிட்டாரு. ‘இதை நம்ம அஞ்சு மில்லுலயும் போடலாமேய்யா’ன்னாரு. எனக்கு நெஞ்சு அப்படியே நிறைஞ்சு போச்சு தம்பி. நான் ரிட்டயர் ஆக இன்னும் ரெண்டே வருஷம். மகன் இல்லை, ஒரே மக, அவளையும் கட்டிக்குடுத்தாச்சு. நான் போனதுக்கப்புறமும் அஞ்சு மில்லுல சனிக்கிழமை சனிக்கிழமை என் பேரு இருக்கும்னா, அதுக்கு மேல எனக்கு என்ன வேணும்? காசு பணம் கேட்டேனா? பேரு. பேரு ஒண்ணுதான் கேட்டேன்.

ஜி.எம். ஒரே ஒரு கண்டிஷன் போட்டாரு. எழுதின மேக்ரோ அம்புட்டையும் தாள்ல அடிச்சு, புத்தகமா கட்டி, அடுத்த வாரம் வெள்ளிக்கிழமைக்குள்ள குடுக்கணும். ஹெட் ஆபீஸ்ல எம்.டி. பார்வைக்குப் போகணுமாம்.

நான் ஒரு வாரம் அந்த எடிட்டரோட மல்லுக்கட்டினேன். வரி தொங்குது, ஓரம் இல்லை, பார்க்கச் சகிக்கலை. சரி, பேராவது இருக்கட்டும்னு ஒவ்வொரு மாட்யூலுக்கும் மேல ‘நல்லுச்சாமி’ன்னு தமிழ்ல அடிச்சேன். என்ன வந்துச்சு தெரியுமா? கேள்விக்குறி! எண்ணிப் பார்த்தேன், பதினோரு கேள்விக்குறி. இந்த மில்லுல இருபத்தேழு வருஷம் உழைச்சவன் பேருக்குப் பதிலா பதினோரு கேள்விக்குறி. இங்கிலீஷ்ல போட்டிருக்கலாமேங்கிறீங்களா? சூசையும் அதையேதான் சொன்னான். ஏன் போடணும்? எங்கப்பா எனக்குத் தமிழ்லதான் பேரு வச்சாரு. அம்புட்டுக் கேள்விக்குறியையும் அழிச்சுட்டு, வெறுத்துப்போய் தாளைக் கிழிச்சுப் போட்டேன்.

அப்பத்தான் அவன் வந்தான். ‘அண்ணே, எதுக்கு டென்ஷன்? அதை அப்படியே காப்பி பண்ணி வேர்டுல போட்டா ஓரம், பக்க நம்பர் எல்லாம் வச்சுக்கலாம்ணே. எங்கிட்டக் குடுங்க, ரெண்டு நாள்ல அழகா பண்ணித் தர்றேன்’னான். அவன் டைப்பிங் நல்லா பண்ணுவான், அதை நான் இல்லைன்னு சொல்லலை. ஆனா திறக்கணும்னா பாஸ்வேர்டு வேணும்.

சொல்லிட்டேன். பீரோவுக்கு அந்தப் பக்கம் கூட்டிட்டுப் போய், காதுல சொன்னேன். பெத்த பிள்ளைகிட்ட சொல்லாததை அவன்கிட்ட சொன்னேன் தம்பி.

ஒண்ணே ஒண்ணு மட்டும் கண்டிச்சுச் சொன்னேன். ‘முதல் பக்கத்தைத் தொடாத. அது என் பக்கம். பேரு, பார்டர், மில்லு சின்னம் எல்லாம் நானே டிசைன் பண்ணித் தர்றேன்’னேன். சரிண்ணேன்னான்.

இதுக்கு நடுவுல வீட்டுக்காரிக்குக் கண்ணு ஆபரேஷன். மதுரையில அஞ்சு நாள். ஆஸ்பத்திரின்னா உங்களுக்குத் தெரியாதா, அந்தச் சொட்டு மருந்து, இந்தச் சொட்டு மருந்துன்னு மணிக்கு ஒரு தரம். வியாழக்கிழமை மட்டும் அவன் நாலு தடவை அடிச்சிருந்தான். நான் எடுக்கலை. ஆஸ்பத்திரியில உக்கார்ந்துக்கிட்டு ஆபீஸ் போனை எடுப்பாங்களா? அப்புறம் யோசிச்சேன். எதுக்கு நாலு தடவை? மனசு குறுகுறுத்திருக்கு! திருடப் போறவனுக்குக் கை நடுங்கும்ல, அந்த நடுக்கம்தான் நாலு தடவை.

திங்கக்கிழமை வேலைக்குப் போனா புத்தகம் ஜி.எம். மேசையில கிடக்கு. சுருள் கம்பி போட்டுக் கட்டி, இருநூத்திப் பன்னிரண்டு பக்கம். கேன்டீன்ல அத்தனை பேரு முன்னாடி ஜி.எம். அவன் தோளைத் தட்டி, ‘பிரமாதமா பண்ணியிருக்கய்யா சூசை’ங்கிறாரு. அவன் என்னைப் பார்த்துட்டுத் திருட்டு முழி முழிக்கிறான். ‘எல்லாம் அண்ணன் வேலை சார், நான் சும்மா அடிச்சுக் குடுத்தேன்’ங்கிறான். நக்கலைப் பார்த்தீங்களா? என்னை வச்சுக்கிட்டே நக்கல்!

நான் ஜி.எம். ரூமுக்குப் போய்ப் புத்தகத்தைப் புரட்டினேன். புரட்டின இடமெல்லாம், ஒவ்வொரு பக்கத்துலயும், மேல, வலது மூலையில, ‘எஸ். சூசைமாணிக்கம், ஸ்டோர்ஸ்’. இருநூத்திப் பன்னிரண்டு தடவை. என் பேரு? ஒரு இடத்துல இல்லை தம்பி. ஒரு இடத்துல கூட இல்லை. சொல்லவே நாக்கூசுது, அன்னிக்கு டைம் ஆபீஸ்ல போய்க் கதவைச் சாத்திட்டு அழுதேன்.

அவன்கிட்டக் கேட்டீங்களான்னு கேக்காதீங்க. நான் ஏன் கேக்கணும்? மத்தியானம் டிபன் பாக்ஸைத் தூக்கிட்டு வந்தான். ‘அண்ணே, முதல் பக்கம்...’னு ஆரம்பிச்சான். ‘பேசாத. மூஞ்சியில முழிக்காத’ன்னேன். மறுநாளும் வந்தான். ‘அண்ணே, ஒரு நிமிஷம், அந்த முதல் பக்கம்...’ எழுந்து போயிட்டேன். மூணு வாரமா தனியாத்தான் சாப்பிடறேன். தயிர்ச்சோறு அப்படியே வீட்டுக்குத் திரும்பிப் போகுது.

ஜி.எம்.மோட ஸ்டெனோகிட்டச் சொல்லி அம்புட்டையும் ஜெராக்ஸ் எடுத்துக்கிட்டேன். பையில இருக்கிறது அதுதான். கூட ஒரு புகார் மனு, மூணு பக்கம், நானே கைப்பட எழுதினது. பாஸ்வேர்டை ஏமாத்தி வாங்கி, என் வேலையைத் தன் பேருல போட்டுக்கிட்டான்னு தெளிவா எழுதியிருக்கேன். அவன் கான்ட்ராக்ட் ஆளு. வருஷா வருஷம் புதுப்பிக்கணும், அடுத்த மாசம் தேதி. இந்த மனு போனா அவனுக்கு வேலை போச்சு. தெரியும். அவன் மக நர்சிங் கடைசி வருஷம் படிக்கிறா, அதுவும் தெரியும். ரெண்டாங் கிளாஸ் படிக்கையில சைக்கிள்ல வச்சு ஸ்கூல்ல விட்டவன் நான். அதெல்லாம் அவன் யோசிச்சிருக்கணும், நான் எதுக்கு யோசிக்கணும்?

இந்தாங்க, நீங்களே பாருங்க. படிச்ச பிள்ளை நீங்க, பார்த்துட்டு நியாயத்தைச் சொல்லுங்க. பார்த்துப் புரட்டுங்க, காத்து அடிக்குது. முதல் தாள் வெறும் வெள்ளை, அதைத் தள்ளுங்க. அடுத்ததுல இருந்து பாருங்க, வலது மூலையில. தெரியுதா? எல்லாத்துலயும் இருக்கும். கடைசி வரைக்கும்.

என்ன யோசிக்கிறீங்க? எதுக்கு மறுபடி முதல் தாளுக்குப் போறீங்க? அது வெள்ளைத் தாளுங்க, தள்ளுங்கன்னேன்ல.

ஏன் வெள்ளையா இருக்குன்னா? அது... அது நான் குடுக்கறேன்னு சொன்ன பக்கம். எங்க குடுக்கிறது, அதுக்குள்ள மதுரைக்குப் போயிட்டேன்ல.

வெள்ளை இல்லையா? கீழ என்ன இருக்கு? எனக்குத் தெரியலையே. இருங்க, மூக்குக்கண்ணாடி சட்டைப் பையில... காணோம், நீங்களே படிங்க. பென்சில்ல எழுதினது ஜெராக்ஸ்ல மங்கலா விழுந்திருக்கா? ம். படிங்க.

‘இது அண்ணன் பக்கம். பைண்டிங்ல எடுத்துறாதீங்க, இருக்கட்டும்.’

அவன் கையெழுத்துதான். அந்த ‘ண்ண’ அவனுக்குச் சுழி சுழியா வரும்.

பைண்டிங் கடைக்காரனுக்கு எழுதியிருக்கான். வெறும் தாள்னு தூக்கிப் போட்டுருவான்ல, அதுக்கு.

சரி. சரி தம்பி, இது இருக்கட்டும். மூலையில பேரு இருக்கே? இருநூத்திப் பன்னிரண்டு பக்கமும் அவன் பேரு இருக்கே, அதுக்கு என்ன சொல்றீங்க?

என்னது?

யாரு ஏற்பாடு பண்ணினதுன்னா? நான்தான். இப்பத்தானே உங்ககிட்டச் சொன்னேன். எவன் அச்சடிச்சானோ அவன் பேரு, அந்த மிஷின்ல... தானா...

கொஞ்சம் தண்ணி இருந்தாக் குடுங்க தம்பி.

புது ஜி.எம்.முக்கு அந்த ரூல் தெரியாது. அவரு வந்தே மூணு மாசம்தான். எனக்குத் தெரியும். எனக்குத் தெரியும்ல. நானே வச்ச ரூலு. அவன் அதை அழிச்சிருந்தா அழிச்சதுக்கு நானே திட்டியிருப்பேன். போன வருஷம் ஒரு பொண்ணு அழிச்சுட்டு அடிச்சதுக்கு மெமோ குடுத்தவன் நான்.

அந்த வியாழக்கிழமை போன், மறுநாள் வெள்ளி. கடைசித் தேதி. முதல் பக்கத்தைக் கேக்கத்தான் அடிச்சிருக்கான். நாலு தடவை.

அட ஆண்டவா. என்ன காரியம் பண்ணப் பார்த்தேன்! மூணு பக்கம் எழுதினேனே தம்பி, நம்பிக்கைத் துரோகின்னு எழுதினேனே. அந்த வார்த்தைக்கு அடிக்கோடு வேற போட்டேன், ஸ்கேல் வச்சு.

இல்லை, இருந்தாலும் ஒண்ணு கேக்கறேன். அவன்தான் ஆகட்டும், ஒரு வார்த்தை தெளிவாச் சொல்லியிருக்கலாம்ல? ‘அண்ணே, மூலையில விழுந்தது உங்க ரூலுண்ணே’ன்னு? நான்தான் பேசாதன்னேனா? நான் ஆயிரம் சொல்லுவேன், வயசுல மூத்தவன். அவன் அதையும் மீறிச் சொல்லியிருக்கணுமா இல்லையா? நீங்க என்ன தலையைக் குனிஞ்சுக்கிறீங்க? சிரிக்கிறீங்களா?

பல்லடம் தாண்டியாச்சா? எனக்குத் தெரியவே இல்லை பாருங்க.

இருங்க, அவனுக்கு ஒரு போன் போட்டுடறேன். கண்ணாடி இல்லாம... இதானே அவன் நம்பர்? அமுக்குங்க. ம், ரிங் போகுது.

போகுது.

எடுக்கலை. இன்னொரு தடவை அமுக்குங்க. ஸ்டோர்ஸ்ல லாரி வந்திருக்கும், சாமான் இறக்கிக்கிட்டிருப்பான். காலையில அவன்தானே அடிச்சான், ரெண்டு தடவை, நீங்களும் பார்த்தீங்கள்ல? ஆங், போகுது. எடுடா. எடுடா சூசை.

மூணு.

நாலு தடவை ஆச்சு தம்பி. எடுக்க மாட்டேங்குறான்! பார்த்தீங்களா? பதினாலு வருஷம் பழகினவன், ஒருத்தன் பஸ்ல உக்கார்ந்துக்கிட்டு நாலு தடவை அடிக்கிறானேன்னு ஒரு இரக்கம் இருக்கா? என்ன ஏதுன்னு கேக்க வேண்டாமா? ஆபத்தோ அவசரமோன்னு பதற வேண்டாமா? இப்படியா ஒரு மனுஷன் போனை எடுக்காம இருப்பான்?

கண்ணுல தூசி விழுந்துருச்சு, ஜன்னலைக் கொஞ்சம் சாத்துங்க.

அந்த மனு மேலாப்புல இருக்கு, அதை மட்டும் எடுங்க. ஆமா, மூணு பக்கம். கிழிச்சு ஜன்னல் வழியாப் போட வேண்டாம், பின்னாடி வர்றவன் மூஞ்சியில அடிக்கும். எங்கிட்டக் குடுங்க, நானே கிழிச்சுப் பைக்குள்ள போட்டுக்கறேன். அந்த வெள்ளைத் தாளை மட்டும் பத்திரமா எடுத்து வைங்க. உங்ககிட்டப் பேனா இருக்கா? இருந்தாக் குடுங்க. வண்டி குலுங்கினாக் குலுங்கட்டும். முதல்ல என் பேரை எழுதறேன். அதுக்குக் கீழ, அழகா அச்சடிச்சுத் தந்ததுன்னு அவன் பேரு. வலது மூலையில இல்லை, நடுவுல.

மூணு மணிக்கு ஹெட் ஆபீஸா? அவங்க கிடக்காங்க. வரலைன்னு சொல்லிக்கிறேன், வயித்து வலின்னு.

நான் திரும்பணும் தம்பி. சாயங்காலம் அவன் டூட்டி முடியறதுக்குள்ள போயிரணும். போய் அவன் முன்னாடி நின்னு, ஏன்டா என் போனை எடுக்கலைன்னு கேக்கணும். கேக்காம விட மாட்டேன்.

சிங்காநல்லூர் ஸ்டாண்டுல திண்டுக்கல் வண்டி எந்தப் பக்கம் நிக்கும், உங்களுக்குத் தெரியுமா?